எலிக்காய்ச்சல் கார்டு டெஸ்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எலிக்காய்ச்சலைக் கண்டறியும் துரிதப் பரிசோதனை பற்றிச் சிறு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சென்ட்ரிஃபியூஜ் (இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி), ஃபிரீசர், தடையில்லாத மின்சாரம் ஆகிய மூன்றில் ஒன்றாவது இல்லாத இடத்தை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

காய்ச்சலின் மூன்றாம் நாளில் வந்தவருக்கு எங்கள் கார்டில் நெகட்டிவ். அவருக்கே ஒன்பதாம் நாளில் வேறோர் இடத்தில் பாசிட்டிவ். எங்கள் கிட்டில் கோளாறா?

கிட்டைச் சந்தேகிக்கும் முன் நாளைப் பாருங்கள். இன்று புழக்கத்தில் உள்ள எலிக்காய்ச்சல் கார்டுகளில் பெரும்பாலானவை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐஜிஎம் எதிரணுவைத்தான் தேடுகின்றன. இந்நோயின் கிருமியான லெப்டோஸ்பைரா இரத்தத்தில் சுற்றுவது ஏறத்தாழ முதல் வாரம் வரைதான். ஐஜிஎம் தலைகாட்டுவதே 5 முதல் 7ஆம் நாளில். பலருக்குக் கார்டில் கோடு விழும் அளவுக்கு அது ஏற 10ஆம் நாள்கூட ஆகலாம். மூன்றாம் நாள் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இல்லாத ஒன்றை எந்தக் கார்டாலும் காட்ட முடியாது. ஆக, இரண்டு இடத்து முடிவும் சரியாகவே இருக்கக்கூடும்.

இந்தக் குழப்பத்துக்குப் பழக்கமும் ஒரு காரணம். மலேரியா கார்டும் டெங்கு என்எஸ்1 கார்டும் கிருமியின் புரதத்தையே பிடிப்பவை. காய்ச்சலின் தொடக்கத்திலேயே பலன் தரும். அதே கை, அதே மேசை, அதே மாதிரி பிளாஸ்டிக் அட்டை என்பதால் எலிக்காய்ச்சல் கார்டையும் அப்படியே நினைத்துவிடுகிறோம். லெப்டோஸ்பைரா இரத்தத்தில் குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கும். அதை நேரடியாகப் பிடிக்கும் கார்டு இன்னும் பரவலான புழக்கத்துக்கு வரவில்லை.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பரிசோதனைச் சீட்டில் "காய்ச்சல் தொடங்கிய தேதி" என்று ஒரு கட்டம் சேருங்கள். "மூன்று நாளாகக் காய்ச்சல்" என்று எழுதினால் சீட்டு எழுதிய நாளா, இரத்தம் எடுத்த நாளா என்று பிறகு யாருக்கும் தெரியாது. தேதியாக எழுதுங்கள், தொடங்கிய நாளை 1ஆம் நாள் என்று எண்ணுங்கள். அந்தக் கட்டம் காலியாக வந்தால் கார்டைப் பிரிக்கும் முன் வார்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். முடிவையும் வெறும் "நெகட்டிவ்" என்று எழுத வேண்டாம். "லெப்டோஸ்பைரா ஐஜிஎம் காணப்படவில்லை, மாதிரி எடுத்தது காய்ச்சலின் 3ஆம் நாள், சந்தேகம் நீடித்தால் 5 முதல் 7 நாள் கழித்து மறு மாதிரி தேவை" என்று எழுதுங்கள். படிக்கும் மருத்துவருக்கு இந்த வரி கோட்டைவிடப் பயன்படும்.

முதல் நாட்களிலேயே ஆன்டிபயாடிக் தொடங்கிய சிலருக்கு எதிரணு தாமதமாகவோ குறைவாகவோ எழும். அந்த விவரத்தையும் சீட்டில் கேட்டு வாங்குங்கள்.

எங்களிடம் சென்ட்ரிஃபியூஜ் இல்லை. விரல் நுனி இரத்தத்தில் செய்யலாமா? சரியான செய்முறை என்ன?

உங்கள் கிட்டின் தாளில் "முழு இரத்தம்" என்று இருந்தால் செய்யலாம். "சீரம், பிளாஸ்மா மட்டும்" என்றிருந்தால் கூடாது. அந்த அட்டையில் சிவப்பணுவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டித் துண்டு இருக்காது. பட்டை முழுவதும் சிவந்து கோடு மறைந்துபோகும்.

சென்ட்ரிஃபியூஜ் இல்லாமலும் சீரம் கிடைக்கும். எதுவும் கலக்காத வெற்றுக் குழாயில் 3 முதல் 5 மில்லி சிரை இரத்தம் எடுத்து, நிமிர்த்திய நிலையில் அசைக்காமல் விடுங்கள். 30 முதல் 60 நிமிடத்தில் உறையும்; இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மேலே தெளிந்த சீரம் பிரியும். கார்டுக்குத் தேவை சில மைக்ரோலிட்டர்தான், அது தாராளமாகக் கிடைக்கும். அவசரப்பட்டுக் குழாயைக் குலுக்கினாலோ, உறைவதற்கு முன் குளிர்பெட்டியில் வைத்தாலோ சீரம் சிவந்துவிடும்.

விரல் நுனி என்றால் ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகு குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். சொட்டு வரவில்லை என்று விரலைப் பிழியக் கூடாது. திசு நீர் கலந்து இரத்தம் நீர்த்துப்போகும்.

கிட் குளிர்பெட்டியில் இருந்தால் உறையைப் பிரிக்காமலே அரை மணி நேரம் வெளியில் வைத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குளிர்ந்த அட்டையை உடனே பிரித்தால் காற்றின் ஈரம் பட்டையில் வியர்த்துவிடும். அதன்பின் திரவம் சீராக ஓடாது. பிரித்ததும் உறைக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பாருங்கள். நிறம் மாறும் வகையாக இருந்து, மாறியிருந்தால், அந்த அட்டையைத் தூக்கிப்போடுங்கள். பிரித்த அட்டையை உடனே பயன்படுத்த வேண்டும். காலையில் பத்து அட்டையைப் பிரித்து வரிசையாக அடுக்கி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு, அது வேண்டாம். அட்டையின் மேல் நோயாளி எண்ணையும் தொடங்கிய நேரத்தையும் பென்சிலிலோ மார்க்கரிலோ எழுதுங்கள்.

மாதிரியின் அளவுதான் அதிகம் தவறுகிற இடம். பல கார்டுகளுக்குச் சீரம் 5 அல்லது 10 மைக்ரோலிட்டர் போதும். முழு இரத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அணுக்கள் என்பதால் அதற்கு அளவு கூடுதலாக இருக்கும். உங்கள் தாளில் உள்ள எண்ணே இறுதி. "கொஞ்சம் கூட விட்டால் நன்றாகத் தெரியும்" என்ற நினைப்பு இங்கே தலைகீழாக வேலை செய்யும். எல்லோருடைய சீரத்திலும் வேறு பல கிருமிகளுக்கு எதிரான ஐஜிஎம் மிதந்துகொண்டிருக்கிறது. கார்டில் உள்ள பிடிமானப் பொருள் இது எலிக்காய்ச்சல் ஐஜிஎம், அது வேறு ஐஜிஎம் என்று பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் பிடிக்கும். மாதிரி அதிகமானால் சம்பந்தமில்லாத ஐஜிஎம்மே இடத்தை நிரப்பிவிடும். பாசிட்டிவ் சீரமும் மங்கிப்போகும், சில நேரம் நெகட்டிவாகவே தெரியும். கிட்டோடு வரும் துளிக்குழாயில் குறிக்கோடு வரை மட்டும் எடுங்கள். மைக்ரோபிப்பெட் இருந்தால் அதுவே மேல்.

மாதிரி பட்டையில் ஊறிய பிறகு பஃபர் (கிட்டோடு வரும் கரைசல்) விடுங்கள். பாட்டிலை நேர் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். மூக்கில் காற்றுக் குமிழி இருந்தால் முதல் சொட்டை வெளியே விட்டுவிடுங்கள். பஃபர் குறைந்தால் பின்னணி சிவந்தே நிற்கும், கூடினால் பட்டை வெள்ளத்தில் மூழ்கிக் கோடு மங்கும். ஒரு கிட்டின் பஃபரை இன்னொரு கிட்டுக்கு, ஒரே நிறுவனத்தின் வேறு லாட்டுக்குக்கூட (தயாரிப்புத் தொகுதி), மாற்றக் கூடாது. பஃபர் பாட்டில் முதலில் தீர்ந்துவிட்டது என்றால் யாரோ சொட்டு கூட விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதற்குச் சலைன் மாற்றல்ல.

மேசை சமமாக இருக்க வேண்டும். மின்விசிறி நேர் மேலே ஓடினால் பட்டையின் ஒரு முனை முன்பே காய்ந்து ஓட்டம் நின்றுவிடும். முடிந்தபின் அட்டை, துளிக்குழாய், லான்செட் எல்லாம் தொற்றுக் கழிவு. லான்செட் கூர்பொருள் பெட்டிக்குள் போக வேண்டும். மேசையில் சிந்தினால் 0.5 சதவீத ஹைப்போகுளோரைட் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள்.

டி கோடு (முடிவைக் காட்டும் கோடு) மிக மங்கலாக விழுந்தால் என்ன எழுதுவது?

குறித்த நேரத்துக்குள் விழுந்த கோடு எவ்வளவு மங்கலானாலும் பாசிட்டிவ் என்றே பெரும்பாலான கிட் தாள்கள் சொல்லும். "குறித்த நேரத்துக்குள்" என்பதுதான் இங்கே முக்கியம். 15 நிமிடத்தில் படிக்க வேண்டிய கார்டை 40 நிமிடம் கழித்துப் பார்த்தால், திரவம் காய்ந்து, கோட்டுக்கு நிறம் தரும் தங்கத் துகள் படிந்து ஒரு பொய்க்கோடு தெரியலாம். அது எதற்கும் சாட்சியல்ல. கைப்பேசியில் அலாரம் வையுங்கள். காலையில் செய்த கார்டை மாலையில் மருத்துவரிடம் எடுத்துக் காட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்; வேண்டுமானால் சரியான நிமிடத்தில் படம் எடுத்துக் காட்டுங்கள்.

மங்கல் கோட்டை இருவர் தனித்தனியே, நல்ல வெளிச்சத்தில், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காமல் படிப்பது நல்லது. கருத்து வேறுபட்டால் புது அட்டையில் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் மங்கல்தான் என்றால் அறிக்கையில் "மங்கலான பாசிட்டிவ்" என்றே எழுதி மறு மாதிரி கேளுங்கள். நோய் புதிது என்றால் ஒரு வாரத்தில் கோடு தடிக்கும். பழைய தொற்றின் எச்சம் என்றால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

சி கோடு (கட்டுப்பாட்டுக் கோடு) விழுந்தால் பரிசோதனை சரியாக நடந்ததாகத்தானே பொருள்?

பாதிதான். திரவம் பட்டை முழுவதும் ஓடியது, நிறத்துகள் வேலை செய்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. பல கார்டுகளில் நோயாளியின் சீரத்தை விடவே மறந்து பஃபர் மட்டும் விட்டாலும் சி கோடு அழகாக விழும். சி கோடு விழவில்லை என்றால் முடிவு செல்லாது. விழுந்தது என்பதற்காக மாதிரி சரி, அளவு சரி, கிட் வெயிலில் கெடவில்லை என்று ஆகிவிடாது.

அதை அறிய, முடிவு முன்பே தெரிந்த மாதிரிதான் வேண்டும். உறுதியான பாசிட்டிவ் சீரம் கிடைக்கும்போது சிறு சிறு குழாய்களில் பிரித்து ஃபிரீசரில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். புது லாட் வந்ததும், மின்வெட்டால் கிட் சூடான சந்தேகம் வந்ததும், ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ் ஓட்டிப் பாருங்கள். தடித்த கோடு விழும் சீரத்தைவிட மங்கல் கோடு விழுவதைத் தேர்ந்தெடுங்கள். பாதி கெட்ட கிட்டும் வலுவான பாசிட்டிவைக் காட்டிவிடும். மங்கலானதைத்தான் முதலில் தவறவிடும். ஃபிரீசர் இல்லாத இடமானால், புது லாட்டின் இரண்டு அட்டைகளை அருகிலுள்ள பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அங்கே ஓட்டச் சொல்லலாம்.

கிட் தாளில் 95 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்று இருக்கிறது. நடைமுறையில் அப்படித் தெரியவில்லையே?

தெரியாது. அந்த எண் எப்படிப்பட்ட சீரங்களில் கிடைத்தது என்று முதலில் கேளுங்கள். நோய் உறுதியாகி இரண்டு மூன்று வாரமான நோயாளிகளின் சீரத்தை ஒரு பக்கமும், நல்ல ஆரோக்கியமான இரத்ததானம் செய்பவர்களின் சீரத்தை மறுபக்கமும் வைத்தால் எந்தக் கார்டும் முதல் மதிப்பெண் வாங்கும். உங்களிடம் வருபவர் நான்காம் நாள் காய்ச்சல்காரர். அவருக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர் டெங்குக்காரரும் டைஃபாய்டுக்காரரும். முதல் வார மாதிரிகளில் பல கார்டுகள் பாதி நோயாளிகளைக்கூடப் பிடிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காகவே. முதல் வாரத்தில் கார்டின் உணர்திறன் (நோயாளியைப் பிடிக்கும் திறன்) 50 சதவீதம், நோயில்லாதவரைச் சரியாக விலக்கும் திறன் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாதத்தில் 100 காய்ச்சல்காரரில் 10 பேருக்கு எலிக்காய்ச்சல். கார்டு 5 பேரைப் பிடிக்கும், 5 பேரை விடும். மீதி 90 பேரில் 9 பேருக்குப் பொய்ப் பாசிட்டிவ். மொத்தம் 14 பாசிட்டிவில் உண்மையானவை 5 மட்டுமே.

வெள்ளம் வடிந்த பிறகு அதே 100 பேரில் 40 பேருக்கு நோய் என்றால்? 20 பேர் சரியாகப் பிடிபடுவர், பொய்ப் பாசிட்டிவ் 6. பாசிட்டிவை இப்போது நம்பலாம். ஆனால் 74 நெகட்டிவில் 20 பேர் நோயாளிகள், அதாவது நாலில் ஒருவருக்கு மேல். நோய் பரவும் காலத்தில்தான் நெகட்டிவ் முடிவு அதிகம் ஏமாற்றுகிறது. அந்தக் காலத்தில்தான் கிட்டை எல்லோரும் அதிகம் நம்பவும் செய்கிறார்கள்.

இன்னொரு காரணம், கார்டில் பூசியிருக்கும் ஆன்டிஜென், அதாவது எதிரணு வந்து ஒட்டும் கிருமிப் பொருள். நோய் உண்டாக்கும் லெப்டோஸ்பைராவில் 250க்கு மேற்பட்ட சீரோவார்கள் (உள்வகைகள்) உண்டு. பல கிட்டுகள் பேட்டாக் என்ற, நோய் உண்டாக்காத வகையின் உடைத்த செல்லைப் பூசுகின்றன. பல வகைகளுக்கான எதிரணுவும் இதில் ஒட்டும் என்பதே காரணம். ஆனால் எல்லா இடத்து வகைக்கும் ஒரே அளவில் ஒட்டாது. லிப்-எல்32, லிக்-ஏ போன்ற, ஆய்வகத்தில் மரபணு வழியே தயாரித்த மறுசேர்க்கைப் புரதங்களைப் பூசிய கார்டுகளும் உண்டு. ஓர் இடத்தில் நன்றாக வேலை செய்த கிட்டை அப்படியே இன்னோர் இடத்துக்கு வாங்குவதற்கு முன், அந்தப் பகுதிச் சீரங்களில் சோதித்த விவரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஒரே நோயாளிக்கு டெங்கு ஐஜிஎம், எலிக்காய்ச்சல் ஐஜிஎம் இரண்டும் பாசிட்டிவ். எதை நம்புவது?

இரண்டு தொற்றும் சேர்ந்தே வரலாம் என்பதால் ஒன்றை உடனே தள்ளிவிட முடியாது. ஆனால் குறுக்கு வினையின் வாய்ப்பும் பெரிது. டெங்கு, மலேரியா, சிஃபிலிஸ், ஹெபடைடிஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ், முடக்குவாதக் காரணி எல்லாமே பொய்க்கோடு வரவழைக்கக்கூடியவை. அதோடு ஐஜிஎம் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் இரத்தத்தில் தங்கும். சேற்றிலும் சாக்கடையிலும் வேலை செய்பவருக்குப் போன பருவத்துத் தொற்றின் ஐஜிஎம் இந்தப் பருவத்து டெங்குக் காய்ச்சலில் கோடாக விழலாம்.

இங்கே சாதாரண இரத்தப் பரிசோதனை கைகொடுக்கும். தட்டணு இரண்டிலும் குறையும். வெள்ளணு குறைந்து ஹீமடோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) ஏறினால் டெங்குப் பக்கம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை கூடி, சிறுநீரில் புரதமும் இரத்தமும் தெரிந்து, கிரியாட்டினின் ஏறினால் எலிக்காய்ச்சல் பக்கம். மஞ்சள் காமாலையோடு பிலிருபின் மிக உயர்ந்திருக்க, கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஓரளவே ஏறியிருந்தால் அது வைரஸ் ஹெபடைடிஸ் போல இல்லை. சிறுநீரகம் பழுதாகியும் பொட்டாசியம் இறங்கியிருப்பது எலிக்காய்ச்சலில் காணக்கூடிய விசித்திரம். கெண்டைக்கால் தசையைத் தொட்டால் வலியால் துடிப்பது, பீளை இல்லாமல் கண் சிவப்பது ஆகியவற்றைப் பார்க்கக் கிட் எதுவும் தேவையில்லை. கிட் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டிருந்த மூன்று வாசகர்களுக்கும் இந்தப் பத்திதான் பதில்.

கார்டு முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளி வைக்கலாமா?

கூடாது. மாதிரியை எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள். லேசான நோய்க்குப் பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, 7 நாள். இதே மருந்து ஸ்க்ரப் டைஃபஸையும் கவனித்துக்கொள்ளும் என்பது கூடுதல் வசதி. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மாற்று மருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். காமாலை, சிறுநீர்க் குறைவு, மூச்சுத்திணறல், சளியில் இரத்தம் இருந்தால் ஊசி வழி பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன், அதோடு பெரிய மருத்துவமனை. முதல் டோஸுக்குப் பின் சில மணி நேரத்தில் நடுக்கமும் இரத்த அழுத்தச் சரிவும் வரக்கூடும் என்பதால் ஆளைக் கண்காணிப்பில் வையுங்கள்.

டார்க் ஃபீல்ட் மைக்ராஸ்கோப் எங்களிடம் இருக்கிறது. அதில் பார்த்துச் சொல்லிவிடலாமா?

அதை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள். மில்லிக்கு ஏறத்தாழ 10,000 கிருமி இருந்தால்தான் ஒரு பார்வைப் புலத்தில் ஒன்று கண்ணில் படும். ஃபைப்ரின் இழைகளும் சிவப்பணுச் சவ்வின் துண்டுகளும் நெளிந்தாடி அச்சு அசல் லெப்டோஸ்பைரா போலவே காட்டும். தேர்ந்த கண்ணும் ஏமாறும்.

உறுதி செய்ய மேலிட ஆய்வகத்துக்கு எதை, எப்படி அனுப்ப வேண்டும்?

நாளைப் பொறுத்தது. முதல் வாரம் என்றால், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆருக்கு ஈடிடிஏ குழாயில் இரத்தம், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன். ஹெப்பாரின் குழாய் வேண்டாம்; ஹெப்பாரின் பிசிஆர் வினையையே தடுத்துவிடும். ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் அனுப்புங்கள், உறைய விடாதீர்கள். கல்ச்சர் வசதி உள்ள ஆய்வகம் கிருமி வளர்க்கும் இஎம்ஜேஹெச் ஊடகக் குழாய் தந்திருந்தால் படுக்கையருகிலேயே இரண்டு மூன்று சொட்டு இரத்தம் மட்டும் விடுங்கள். அதிகம் விட்டால் இரத்தத்தில் உள்ள பொருட்களே வளர்ச்சியைத் தடுக்கும். இந்தக் குழாய் மட்டும் குளிர்பெட்டிக்குள் போகக் கூடாது. வளர்ந்தது தெரிய வாரங்கள், சில நேரம் மூன்று மாதம் ஆகும். நோயாளிக்கு அது உதவாது. அந்தப் பகுதியில் என்ன வகை சுற்றுகிறது என்று அறியத்தான்.

எம்ஏடி பரிசோதனைக்கு இரண்டு சீரம் வேண்டும்: ஒன்று வந்த நாளில், அடுத்தது 10 முதல் 14 நாள் கழித்து. உயிருள்ள லெப்டோஸ்பைரா வகைகளோடு சீரத்தைக் கலந்து, எவ்வளவு நீர்த்த பிறகும் கிருமிகள் ஒட்டித் திரள்கின்றன என்று பார்ப்பதுதான் எம்ஏடி. அளவு நான்கு மடங்கு ஏறினால் உறுதி. நடைமுறையில் இரண்டாவது சீரம் வருவதே அரிது. காய்ச்சல் விட்டவர் திரும்பி வரமாட்டார். வீட்டுக்கு அனுப்பும்போதே தேதி எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, களப்பணியாளர் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள். முதல் சீரத்தை எறியாமல் உறைய வைத்து இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே கையால் செய்யப்பட்டால்தான் ஒப்பீடு செல்லும்.

கிட் பெட்டியில் 2 முதல் 30 டிகிரி என்று இருக்கிறது. குளிர்பெட்டி கட்டாயமா?

இல்லை. அறை 30 டிகிரியைத் தாண்டாவிட்டால் அலமாரியே போதும். தகர, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மேல் தட்டில் வைக்காதீர்கள். மதியம் அங்கேதான் சூடு அதிகம். அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிட்டுத் தினமும் எழுதுங்கள். குளிர்பெட்டியில் வைப்பதானால் ஃபிரீசர் தட்டை ஒட்டி வைக்க வேண்டாம், உறைந்த கார்டு கெட்ட கார்டு. முதலில் காலாவதியாவது முதலில் வெளியே போகட்டும். முதலில் வந்தது அல்ல.

வெள்ள நீரில் நடந்த மறுநாளே காய்ச்சல். எலிக்காய்ச்சல்தானா?

அந்த நீரால் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கிருமி நுழைந்து காய்ச்சல் வரப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும். எல்லை 2 முதல் 30 நாள். முந்தைய இரண்டு வாரம் என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள்.

வீட்டு நாய்க்குக் காமாலை. மனிதருக்கான கார்டிலேயே பார்த்துவிடலாமா?

முடியாது. அதில் இருப்பது மனித ஐஜிஎம்மைப் பிடிக்கும் பொருள். நாயின் ஐஜிஎம்மை அது முறையாகப் பிடிக்காது. சி கோடு மட்டும் விழுந்து நெகட்டிவ் என்று காட்டி உங்களைத் தவறாக நிம்மதிப்படுத்தும். நாய்களுக்கென்றே தனிக் கார்டுகள் இருக்கின்றன. அவற்றிலும் அண்மையில் தடுப்பூசி போட்ட நாய் பாசிட்டிவ் காட்டலாம் என்பதால் ஊசி போட்ட தேதியைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை நாயின் சிறுநீரைக் கையுறையோடு, பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவுங்கள்.